அந்த வேஷத்துக்கு அவர்தான் சரியா?

புதிதாக ஒரு சூப்பர் ஹீரோ படம் வரப்போகிறது என்று செய்தி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? "இந்த வேஷத்துக்கு அவர்தான் சரி", "ஊஹூம், இவர்தான்" என்று நண்பர்களோடு மல்லுக்கு நிற்பீர்கள், இல்லையா?

உலகம் முழுக்க ரசிகர்கள் இதைத்தான் செய்கிறார்கள். பெயர் பெற்ற மூத்த நடிகர் ஒருவரின் முகத்தை சூப்பர் ஹீரோ உடலில் ஒட்டி, போஸ்டர்கூடத் தயாரித்துவிடுகிறார்கள். இதற்கு 'ஃபேன் காஸ்டிங்' என்று பெயர். ரசிகர்களே நடிகரைத் தேர்வு செய்வது!

இதெல்லாம் வெறும் ஆசையா? எப்போதாவது பலித்திருக்கிறதா? வாருங்கள், பார்க்கலாம்.

காமிக்ஸில் வந்த முகம்

நிக் ஃப்யூரியைத் தெரியுமா? ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, 'அவெஞ்சர்ஸ்' வீரர்களை ஒன்று சேர்ப்பவர். 1963ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அவரை உருவாக்கியபோது, அவர் ஒரு வெள்ளைக்கார ராணுவ வீரர்.

2002ல் மார்வெல் நிறுவனம் 'தி அல்டிமேட்ஸ்' என்ற காமிக்ஸைத் தொடங்கியது. பழைய நாயகர்களைப் புதிய முறையில் காட்டும் தொடர் அது. கதை மார்க் மில்லர், ஓவியம் பிரையன் ஹிட்ச். அதில் நிக் ஃப்யூரிக்கு அவர்கள் கொடுத்த முகம், ஹாலிவுட்டின் புகழ்பெற்ற கறுப்பின நடிகர் சாமுவேல் எல். ஜாக்சனின் முகம். அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 'நம்மைப் பற்றிப் படம் எடுத்தால் யார் யார் நடிக்கலாம்?' என்று அந்தக் காமிக்ஸில் வீரர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஃப்யூரி தனக்காகச் சொல்லும் பெயர் என்ன தெரியுமா? சாமுவேல் எல். ஜாக்சன்!

ஜாக்சனும் காமிக்ஸ் பிரியர்தான். புத்தகத்தில் தன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். அவர் தரப்பிலிருந்து மார்வெலிடம் விசாரித்தார்கள். படம் எடுத்தால் அவரே நடிக்க வேண்டும் என்பது மார்வெலின் விருப்பம். 2008ல் வெளியான 'அயர்ன் மேன்' படத்தில், பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஜாக்சன் நிக் ஃப்யூரியாக வந்து நின்றார். அப்போது அவருக்கு வயது 59. அடுத்த ஆண்டே 9 படங்களுக்கு ஒப்பந்தம்!

இது ஏன் பலித்தது? முகம் மட்டும் காரணமல்ல. ஃப்யூரிக்கு சூப்பர் சக்தி எதுவும் கிடையாது. ஆனால், சக்தி உள்ளவர்களை அவர் அதட்டி வேலை வாங்க வேண்டும். அதற்கு ஒரு குரல் வேண்டும், ஒரு பார்வை வேண்டும். பல ஆண்டுகள் மேடையிலும் திரையிலும் நடித்தவருக்கு அது கைவந்த கலை. 2000ல் வெளியான 'எக்ஸ்-மென்' படத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பேராசிரியர் எக்ஸ் ஆக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் அப்படித்தான். அவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஊறியவர்.

50,000 கோபக் கடிதங்கள்!

அப்படியானால் ரசிகர்கள் சொல்வது எப்போதும் சரிதானா? அவசரப்படாதீர்கள்.

'பேட்மேன்' படத்துக்கு மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தார் இயக்குநர் டிம் பர்ட்டன். கீட்டன் சிரிப்புப் படங்களில் நடித்துப் பெயர் வாங்கியவர். "இவரா பேட்மேன்?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு சுமார் 50,000 கடிதங்கள் குவிந்ததாகச் சொல்வார்கள்.

பர்ட்டன் வேறு மாதிரி யோசித்தார். மலை மாதிரி உடம்பு உள்ள ஒருவருக்கு வௌவால் உடை எதற்கு? சாதாரண மனிதனுக்குத்தானே பயமுறுத்த ஒரு வேஷம் தேவை! 1989ல் படம் வந்தது, பெரிய வெற்றி பெற்றது. 2023ல் 'தி ஃப்ளாஷ்' படத்தில் கீட்டன் மறுபடியும் பேட்மேனாக வந்தபோது அவருக்கு வயது 71!

ஹீத் லெட்ஜர் கதை வருத்தமானது. 'தி டார்க் நைட்' படத்தில் அவர்தான் ஜோக்கர் என்று அறிவித்ததும் கேலி செய்தவர்கள் பலர். 2008 ஜூலையில் படம் வெளியானது. அவர் நடிப்பைப் பார்த்து எல்லோரும் அசந்து போனார்கள். தியேட்டரில் எழுந்த அந்தக் கைதட்டலைக் கேட்க லெட்ஜர் இல்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே அவர் இறந்துவிட்டார். 2009ல் ஆஸ்கர் விருதை அவர் குடும்பத்தினர் பெற்றுக்கொண்டார்கள்.

தேர்ந்தெடுப்பதும் ஒரு கலை

ரசிகர்கள் எங்கே தவறுகிறார்கள்? ஒரு நடிகர் இதுவரை செய்ததை வைத்து அவரை எடை போடுகிறோம். இனி என்ன செய்ய முடியும் என்று பார்ப்பது வேறு திறமை. அதற்கென்றே 'காஸ்டிங் டைரக்டர்' என்று ஒருவர் இருக்கிறார். கதையைப் படித்து, பொருத்தமானவர்களைத் தேடிப்பிடித்து, வசனம் பேசச் சொல்லி, மற்ற நடிகர்களோடு ஒத்துப்போகிறாரா என்று பார்ப்பது அவர் வேலை.

இந்த வேலைக்கும் ஆஸ்கர் விருது உண்டு என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 2025ல் வெளியான படங்களிலிருந்து இந்த விருது ஆரம்பம். முதல் ஆஸ்கர் விழா நடந்தது 1929ல். எவ்வளவு தாமதம் பாருங்கள்!

ஆகவே குட்டீஸ், உங்களுக்குப் பிடித்தவர் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். அதில் தவறே இல்லை. ஆனால், வேறொருவர் தேர்வானால், படம் வரும் முன்பே அவரைத் திட்டித் தீர்க்காதீர்கள்.

அடுத்த முறை பள்ளி நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது, "ராஜா வேஷமா? இவனுக்கா?" என்று சிரிக்கத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் அந்த அமைதியான பையன் ஒருமுறை வசனம் பேசிக் காட்டட்டும். அப்புறம் சொல்லுங்கள்!