உப்பிட்டவர் யார்?

சமையலைச் சொல்லிக் கொடுத்துக் காசு வாங்குவதா என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வைத்தியர் மருந்துக்கு வாங்கலாம், வக்கீல் வாதத்துக்கு வாங்கலாம், சங்கீத வித்துவான் கச்சேரிக்கு வாங்கலாம். ஆனால் புளிக்காய்ச்சல் நாள்பட்டும் கெடாதிருக்கும் பக்குவத்தை ஒரு பெண் எழுதிக் கொடுத்துவிட்டு அதற்குச் சன்மானம் எதிர்பார்த்தால், அது ஏதோ விருந்தாளியிடம் வாழையிலைக்கு வாடகை கேட்பதைப் போன்ற அற்பமான காரியமாக நமக்குத் தோன்றிவிடுகிறது. அடுக்களைக்குள் தலைமுறை தலைமுறையாகச் சம்பளமின்றி நடந்துவந்த உழைப்பு, காகிதத்தில் ஏறிய பிறகும் சம்பளமின்றியே நடக்கவேண்டும் என்னும் இந்த அபிப்பிராயம் நம்மைக் கொண்டுபோய் விட்டிருக்கும் இடம் விசித்திரமானது. நாம் கொடுக்க மறுத்த கூலியை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கொடுப்பவர் தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்ளாமல் விடுவதுமில்லை.

1951-ஆம் ஆண்டில் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்ற தமிழ் நூலை வெளியிட்டபோது இந்த விவகாரம் மிகவும் எளிமையாக இருந்தது. இளம் பிராயத்திலேயே கணவரை இழந்த அந்த அம்மையார், உறவுப் பெண்கள் கேட்கும்போதெல்லாம் செய்முறைகளை எழுதிக் கொடுத்துவந்தவர். இவற்றைப் புத்தகமாக்கலாமே என்று குடும்பப் பெரியவர் ஒருவர் சொன்ன யோசனையிலிருந்து அந்நூல் பிறந்தது. கல்யாணமாகிப் பம்பாய்க்கோ டில்லிக்கோ, பிற்காலத்தில் கடல் கடந்தோ குடித்தனம் போட்ட எத்தனையோ பெண்களின் பெட்டியில், பட்டுப்புடவைக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் நடுவே அந்தப் புத்தகமும் பயணம் செய்தது. வாசகி விலை கொடுத்தாள். இத்தனை பேருக்குச் சாம்பார் என்றால் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்ற கேள்விக்கு விடை பெற்றாள். இருவருக்கும் நடுவில் மூன்றாம் மனிதர் கிடையாது. இன்ன கம்பெனியின் பெருங்காயம்தான் மணக்கும் என்று எழுதவேண்டிய நிர்ப்பந்தம் அந்த ஆசிரியைக்கு இருக்கவில்லை. பல பதிப்புகள் கண்டு, பாகம் பாகமாக விரிந்து, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு அந்நூல் எழுபது ஆண்டுகளைத் தாண்டி நிற்பதற்கு அதன் அளவுகளின் நேர்மை ஒரு காரணம் என்றால், அந்த நேர்மைக்குக் காரணம் அவருக்கு உப்பிட்டவர் வாசகர் என்பதே.

இன்றோ கைப்பேசியில் 'வெண்பொங்கல்' என்று தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் நூறு பொங்கல்கள் வந்து நிற்கின்றன, ஒன்றுக்கும் விலையில்லை. விலையில்லாத பண்டத்தை எழுதிக் குவிப்பவர்கள் எதைக்கொண்டு ஜீவனம் செய்கிறார்கள் என்று விசாரித்தால், விடை பெரும்பாலும் விளம்பரம் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். பக்கத்தின் ஓரத்திலும் நடுவிலும் தோன்றி மறையும் விளம்பரங்களுக்காக வியாபாரிகள் கூகுள் போன்ற நிறுவனங்களுக்குப் பணம் செலுத்துகிறார்கள். அதில் ஒரு பங்கு எழுதியவருக்கு வந்து சேர்கிறது. கூகுளின் ஆட்சென்ஸ் ஏற்பாட்டில் அந்தப் பங்கு நெடுங்காலம் 68 சதவீதமாக இருந்தது. யூடியூபின் நீண்ட காணொளிகளுக்கு 55 சதவீதம். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதில் பங்கு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 100 டாலர் சேரும்வரை ஆட்சென்ஸ் பணம் கைக்கு வராது. யூடியூபிலோ 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகுதான் நீண்ட காணொளிகளுக்கு விளம்பரப் பங்கு என்ற பேச்சே எழும்.

இதில் தமிழில் எழுதியவர்களின் கதை தனிக் கதை. ஹிந்தியை 2014-லேயே ஏற்றுக்கொண்ட ஆட்சென்ஸ், தமிழை 2018 பிப்ரவரியில்தான் தன் பட்டியலில் சேர்த்தது. அதுவரையில், அச்சுப் பிசகாத தமிழில் ஆயிரம் துவையல்களை ஒருவர் எழுதி வைத்திருந்தாலும் அந்த ஏற்பாட்டின் கணக்கில் அவை துவையல்களே ஆகா. நம் ஊர்ப் பெண்மணிகளில் பலர் மிளகு ரசத்தையும் பூசணிக்காய் மோர்க்கூட்டையும் ஆங்கிலத்தில் எழுதி வைத்ததற்கு மோகம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வயிறும் ஒரு காரணம்.

விளம்பரம் எழுத்தாளருக்குப் படியளப்பதோடு நின்றுவிட்டால் குறைசொல்ல ஒன்றுமில்லை. அது எழுத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. ஒரு பக்கத்தில் எத்தனை விளம்பரங்கள் கண்ணில் படுகின்றனவோ அத்தனைக்குத்தான் காசு என்றால், நான்கு வரியில் முடியவேண்டிய தேங்காய்ச் சட்னிக்கு நாற்பது வரி முன்னுரை முளைக்காமல் என்ன செய்யும்? பாட்டி வீட்டுத் தென்னைமரம், சிறுபிராயத்து மழைநாள், தேங்காயின் ஆரோக்கிய மகிமை என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் பச்சைமிளகாய் எத்தனை என்று தெரிந்துகொள்வதற்குள் அடுப்பில் வைத்த தோசை கருகிவிடுகிறது. எழுதியவருக்கு வளவளப்பு பிறவிக் குணம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், நாம் கொடுக்காத நாலணாவை நம் நேரத்திலிருந்து அவர் வசூல் செய்துகொள்ளும்படி ஆகியிருக்கிறது.

என் தமக்கையின் மகள் திருச்சியில் இருக்கிறாள். மாகாளிக்கிழங்கு ஊறுகாயின் பக்குவத்தை எழுதவேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. கிழங்கைத் தோல் சீவி, நடுநரம்பை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பிட்டு, புளித்த தயிரில் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் மஞ்சளும் கலந்து ஊறவைப்பது என்று சொல்லிவிட்டால் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். ஆனால் வழிவழியாகக் கையளவில் போட்டு வந்ததைக் கிராம் கணக்காக மாற்ற முனைந்தபோது, முதல் ஜாடி பூசணம் பூத்தது. இரண்டாவது உப்புக் கரித்தது. மூன்றாவதுதான் வீட்டார் கைநீட்டிக் கேட்கும்படி அமைந்தது. அந்த மூன்று ஜாடிக் கிழங்கின் விலையை, அவள் எழுதிய பக்கம் பல மாதங்கள் கழிந்தும் ஈட்டித் தரவில்லை. நாம் ஒரு நிமிஷத்தில் படித்துவிடும் 'உப்பு: இத்தனை கிராம்' என்ற ஒரு வரிக்குப் பின்னால் இரண்டு ஜாடிகள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

கதை அத்துடன் முடியவில்லை. அவளுடைய பக்கத்துக்கு வாசகர்கள் சேரத் தொடங்கிய சமயத்தில், சமையல் எண்ணெய் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் சார்பில் ஒருவர் தொடர்பு கொண்டு, அந்த மாகாளிக்கிழங்கு ஊறுகாயைத் தங்கள் எண்ணெயில் செய்வதாக மாற்றி எழுதித் தந்தால் நல்ல தொகை தருவதாகச் சொன்னார். "மாமா, அந்த ஊறுகாய்க்கு எண்ணெயே வேண்டாமே!" என்று அவள் எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தபோது நானும் சிரித்தேன், ஆனால் அவர் சொன்ன தொகையைக் கேட்ட பிறகு என் சிரிப்பு நின்றுவிட்டது. அது, அவள் ஓராண்டில் விளம்பரப் பங்காகப் பெற்றதைக் காட்டிலும் அதிகம். அதை அவள் மறுத்தாள். பின்னொரு சமயம் வேறொரு கம்பெனியின் அப்பளத்துக்கு, இது கட்டணம் பெற்று எழுதியது என்ற குறிப்போடு எழுதிக் கொடுத்தாள். அவளை நான் குற்றம் சொல்லவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. வாசகர் உப்பிடாத இடத்தில் அப்பளக் கம்பெனி உப்பிட்டால், நினைவு அந்தப் பக்கம் திரும்புவது மனித சுபாவம்.

சர்க்கார் இந்த விஷயத்தில் கண்மூடி இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பாராட்டுகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று விளம்பரத் தொழிலினரே அமைத்த விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் நெறிமுறைகள் வகுத்தன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, திசைதிருப்பும் விளம்பரத்துக்குத் துணைநின்றவருக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. வருமானவரிச் சட்டமும் 2022 ஜூலை முதல், தொழில்முறையில் ஒருவர் பெறும் அன்பளிப்புகள் ஓராண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம் செய்யச் சொன்னது. மாதிரிக்கு வந்த கிரைண்டரை மாவரைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் வரி இல்லை, வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அதுவும் வருமானம் என்பது இதன் சாரம். இவை நல்ல விதிகளே. ஆயினும் சட்டத்தால், 'இது விளம்பரம்' என்று எழுத வைக்க முடியுமே தவிர, விளம்பரமின்றி எழுதுகிறவருக்கு ஒரு வேளைச் சோறு போட முடியாது.

எழுதியது திருட்டுப் போகும் அபாயம் வேறு. இங்கிலாந்தில் 1845-இல் வெளிவந்த எலிசா ஆக்டனின் சமையல் நூல், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் வேண்டிய பொருள்களையும் அளவுகளையும் தனியே தொகுத்துக் கொடுத்த முன்னோடி நூல். பத்தாண்டுகள் கழித்து அதன் புதிய பதிப்பில், தம் உழைப்பைப் பெயர்கூடச் சொல்லாமல் பிறர் எடுத்து ஆள்வதை அவர் மனம் நொந்து குறிப்பிட்டார். நொந்து என்ன பயன்? 1861-இல் வந்த பீட்டன் அம்மையாரின் பெருநூல் அவரிடமிருந்தும் தாராளமாகக் கடன் வாங்கிக்கொண்டு, முதலாண்டிலேயே 60,000 பிரதிகள் விற்றது. எழுத்தாளரின் வாக்கியத்துக்குப் பதிப்புரிமை உண்டு. இத்தனை பருப்புக்கு இத்தனை புளி என்னும் விகிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இப்போதோ திருடனும் உடல் நோகவேண்டியதில்லை. 2024 முதல் கூகுளின் தேடலிலேயே செயற்கை நுண்ணறிவு பலருடைய எழுத்தைப் பிழிந்து ஒரு சுருக்கத்தை மேலே தந்துவிடுகிறது. கேட்டவர் அதைப் படித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறார். பக்கத்துக்கு ஆள் வராவிட்டால் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாவிட்டால் அந்தச் சொற்ப வருமானமும் இல்லை.

சிலர் இதிலே லட்சக்கணக்கில் சம்பாதிக்கவில்லையா என்று கேட்கலாம். சம்பாதிக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு பெரியவரும் அவருடைய பேரன்மாரும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைத்து 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்று, அவ்வாண்டே முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் வழங்கியது. நம் எல்லோருக்கும் அது பெருமை. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியையாக இருந்த லிண்ட்சே ஆஸ்ட்ரமும் அவர் கணவரும் தங்கள் 'பின்ச் ஆஃப் யம்' தளத்தின் வருமானத்தை 2011 முதல் மாதந்தோறும் பகிரங்கமாக வெளியிட்டார்கள். முதல் கணக்கில் இருந்தது 21 டாலர் 97 சென்ட். சில ஆண்டுகளில் அது மாதத்துக்குப் பல பத்தாயிரம் டாலராக வளர்ந்தது. ஆனால் அவர்கள் நடத்தும் இன்னொரு தொழில், இத்தகைய தளங்களைப் பிறர் நடத்துவது எப்படி என்று சந்தா பெற்றுக் கற்பிப்பது என்பதையும் கவனிக்கவேண்டும். சமையலைக் கற்க விலை கொடுக்காத உலகம், சமையலால் சம்பாதிக்கும் வித்தையைக் கற்க விலை கொடுக்கிறது! கோபுரத்தின் உச்சியில் தெரியும் நாலைந்து கலசங்களைக் காட்டி, அடிவாரத்தில் கல் சுமப்பவர்களுக்குக் கூலி வேண்டாம் என்று வாதிப்பது நியாயமாகாது.

பாட்டி சொல்லித் தந்தது பொதுச்சொத்து ஆயிற்றே, அதற்கு விலையா என்று கேட்பாருக்கு ஒரு வார்த்தை. பொதுச்சொத்து என்பது மெய். ஆற்று நீரும் பொதுச்சொத்துத்தான். ஆனால் ஆற்றிலிருந்து குடத்தில் மொண்டு நம் வாசலுக்குக் கொண்டுவந்து இறக்குகிறவருக்கு நாம் கூலி கொடுக்கிறோம். அவ்வாறே, பக்குவத்துக்கு வேண்டாம், அதைச் சோதித்து அளந்து தவறின்றி எழுதித் தந்த சிரத்தைக்குக் கொடுப்போம். நம்பிப் பின்பற்றும் ஓர் எழுத்தாளரின் சிறு நூலை ஒரு ஹோட்டல் சாப்பாட்டின் விலைக்கு வாங்குவது பெரிய தியாகம் ஆகாது. பத்திரிகைகளும், தாம் பிரசுரிக்கும் சமையற்குறிப்புக்கு ஒரு கதைக்கோ கட்டுரைக்கோ தரும் சன்மானத்தைக் குறைவின்றித் தரவேண்டும். இன்னாரிடம் கற்றது என்று பெயர் சொல்லும் வழக்கமும் வரவேண்டும். எழுதுகிறவர்களும், இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் காசு தானாக வரும் என்ற மயக்கத்தைவிட்டு, தம் பண்டத்துக்குத் தாமே விலை சொல்லக் கூச்சப்படாதிருக்கவேண்டும்.

என் தமக்கையின் மகள் அந்தக் கூச்சத்தை ஒருவாறு உதறிவிட்டாள். சென்ற தை மாதம் தன் ஊறுகாய்ப் பக்குவங்களைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டாள். உறவினர் பலர், "நமக்குள் என்ன, ஒன்று அனுப்பிவை" என்றார்கள். நான் பணம் செலுத்தி இரண்டு பிரதிகள் வாங்கினேன். வந்ததும் முதலில் மாகாளிக்கிழங்குப் பக்கத்தைத்தான் புரட்டினேன். முன்னுரை மூன்றே வரி. சாமான்களின் பட்டியலில் தயிர் இருக்கிறது, கடுகு இருக்கிறது, இரண்டு ஜாடிகளைப் பலிகொடுத்துக் கண்ட உப்பின் அளவு இருக்கிறது. எண்ணெய் இல்லை.