சுற்றி ஓடுவோர் சோம்பேறிகளா?

ஓட்டப்பந்தயம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி யாது? சுண்ணாம்புக் கோடு, விசில் ஒலி, பதினைந்து நொடியில் முடிந்துவிடும் ஒரு பாய்ச்சல், மூன்று பேர் ஏறி நிற்கும் மேடை. மற்றவர்கள்? மற்றவர்கள் வேப்பமர நிழலில் அமர்ந்து கை தட்டுகிறோம். ஆறாம் வகுப்பில் ஓடுவதற்குக் கை உயர்த்தியவர்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் உயர்த்தியவர்கள் எத்தனை பேர் என்று தோழியர் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். இடையில் நம் கால்கள் தேய்ந்தா போயின? "எப்படியும் பரிசு நமக்கில்லை, பிறகு எதற்கு ஓடுவது?" என்ற எண்ணமே நம்மை உட்கார வைத்துவிட்டது. போதாக்குறைக்கு இது அரசுத் தேர்வு ஆண்டு. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எத்தனை முறை விழுங்கியது என்பதை நாங்கள் இங்கு எழுதப் போவதில்லை!

இதற்கு முற்றிலும் மாறான ஓர் ஓட்டம் பல நாடுகளில் நடைபெற்று வருகிறது. காட்டிலோ குன்றுச் சரிவிலோ ஒற்றையடிப் பாதையாக ஒரு சுற்று வகுத்துக்கொள்கிறார்கள். அச்சுற்று 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று ஓடினால் 5; இரண்டு ஓடினால் 10; ஐந்து ஓடினால் 25; பத்து ஓடினால் 50. யார் எவ்வளவு ஓடுவது என்பதை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். பாட்டியும் பேத்தியும் ஒரே நாளில், ஒரே பாதையில், வெவ்வேறு தூரம் ஓடலாம். மேடு வந்தால் நடக்கலாம். ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. சுற்று தொடங்கும் இடத்தில் ஒரு நீண்ட மேசை. அதன்மேல் தண்ணீர், வாழைப்பழம், உப்புத் தூவிய உருளைக்கிழங்கு. ஓடுகிறவர் ஒவ்வொரு முறையும் அங்கேயே திரும்பி வருவதால் வழிநெடுகப் பத்துப் பந்தல் போட வேண்டிய அவசியமில்லை. ஒரு மேசையும், மரத்துக்கு மரம் கட்டிய நாடாவும், எண்ணிக்கை குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் சிறிய போட்டியை நடத்திவிடலாம். ஆட்பலமும் பணபலமும் இல்லாதவர்களுக்கு இதைவிட ஏற்றது வேறொன்று உண்டோ?

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில், கள்ளிச் செடிகள் மண்டிய பாலைவனத்தில், அக்டோபர் மாதக் கடைசியில் இத்தகைய போட்டி ஒன்று நடைபெறுகிறது. பெயர் 'ஹாவலீனா ஹண்ட்ரட்'. ஹாவலீனா என்பது அப்பாலைவனத்தில் திரியும், பன்றியைப் போன்ற ஒரு விலங்கு. ஏறக்குறைய 20 மைல் கொண்ட சுற்றை ஐந்து முறை ஓடினால் 100 மைல். மூன்று முறை ஓடினால் 100 கிலோமீட்டர். இவ்வளவு வேண்டாம் என்பவர்க்கு இரவில் 31 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. 100 மைல் ஓடுவோர்க்கு 30 மணி நேரம் தரப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஓடுகிறவர்களில் பலர் மாறுவேடப் போட்டிக்கு வந்தவர்களைப் போல உடுத்தி வருகிறார்கள். நல்ல வேடத்துக்குப் பரிசும் உண்டாம்! 160 கிலோமீட்டர் ஓடப் போகிறவர் இறக்கை கட்டிக்கொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் பயம் தோன்றும்?

இதைப்பற்றி நாங்கள் வகுப்பில் பேசியபோது உடனே எழுந்த எதிர்ப்பு, "இது செக்குமாட்டு ஓட்டம் அன்றோ?" என்பதுதான். ஒரே மரம், ஒரே பாறை, ஒரே வளைவு. சலிப்புத் தட்டாதா? தட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் செக்குமாட்டின் கழுத்தில் நுகத்தடி பூட்டியது வேறொருவர். இங்கு அடுத்த சுற்றுக்குப் போவதா வேண்டாமா என்பது ஓடுகிறவர் முடிவு. அதிலேதான் இவ்வோட்டத்தின் கடுமையும் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. நேர்ப்பாதையில் ஓடுகிறவருக்குப் பாதி வழியில் நிற்க விருப்பம் வந்தாலும் நிற்க முடியாது. வீடு போய்ச் சேர வேண்டுமே! சுற்றுப் பாதையிலோ, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நாற்காலி கண்முன் இருக்கிறது. தேநீர் இருக்கிறது. "போதும் அம்மா, உட்கார்" என்று சொல்ல அன்பான சுற்றத்தாரும் இருக்கிறார்கள். அவ்வளவையும் தாண்டி மறுபடி காட்டுக்குள் நுழைவது சோம்பேறிகளின் வேலையா?

அடுத்த எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. "50 கிலோமீட்டர் ஓடுவதாகப் பெயர் கொடுத்துவிட்டு 25-இல் நிறுத்துகிறவருக்கும் பாராட்டா? அப்படியானால் முயற்சிக்கு மதிப்பு ஏது?" என்று ஒரு தோழி கேட்டாள். இத்தகைய போட்டிகள் பலவற்றில் அப்படி நிறுத்துகிறவரை 25 கிலோமீட்டர் ஓடியவராகவே பதிவு செய்துகொள்கிறார்கள் என்பது உண்மை. எங்களுக்கு இதில் தவறு தோன்றவில்லை. அவர் கால்கள் 25 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அதை இல்லை என்று எழுதினால்தான் பொய்.

ஆனால் அவ்வாறு எழுதும் போட்டியும் ஒன்று உண்டு! டென்னசி மாநிலத்தில் பெல் பக்கிள் என்னும் சிற்றூரில், காரி கான்ட்ரெல் என்பவர் தமது தோட்டத்தில் நடத்தும் போட்டி அது. தாம் வளர்த்த 'பிக்' என்னும் நாயின் பெயரையே அதற்குச் சூட்டினார். சுற்றின் தூரம் 4.167 மைல், அதாவது சுமார் 6.7 கிலோமீட்டர். இருபத்து நான்கு சுற்றுக்குச் சரியாக 100 மைல் வரும்படி கணக்கிட்டது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுற்று. மூன்று நிமிடம் இருக்கும்போது மூன்று விசில், இரண்டு நிமிடத்தில் இரண்டு, ஒரு நிமிடத்தில் ஒன்று; பிறகு மணி ஒலிக்கும். மணி ஒலிக்கும்போது கோட்டுக்குள் நிற்காதவர் வெளியேற வேண்டியதுதான். ஒரு மணி நேரத்தில் 6.7 கிலோமீட்டர் என்பது பெரிய வேகமன்று. விரைந்து நடந்தும் இடையிடையே ஓடியும் முடித்துவிடலாம். முதல் சுற்றில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டே போகிறார்கள். ஆனால் இரவும் பகலும் மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். கடைசி ஒருவர் தனியாக ஒரு சுற்று முடிக்கும்வரை போட்டி முடியாது. வென்ற அவ்வொருவரைத் தவிர மற்ற அனைவரும் 'முடிக்காதவர்' என்றே பதிவு செய்யப்படுகின்றனர்.

2023-ஆம் ஆண்டு ஹார்வி லூயிஸ் என்னும் பள்ளி ஆசிரியர் அங்கு 108 சுற்று ஓடி வென்றார். நான்கரை நாட்கள், 450 மைல்! (108 என்றதும் கோவிலைச் சுற்றும் பாட்டிமார் நினைவு வந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.) இரண்டாவதாக வந்தவர் 107 சுற்று ஓடியவர். அவரும் 'முடிக்காதவர்' தான். அவர் அத்தனை சுற்றும் உடன் ஓடியிராவிட்டால் லூயிஸுக்கு 108-ஆவது சுற்று ஏது? இரண்டாமவர் நிறுத்தியவுடன் முதல்வருக்கு ஒரேயொரு சுற்றுதானே மிச்சம்! இவ்விதியின் பேரில் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை. முதல்வரை உருவாக்குபவர் இரண்டாமவரே என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளையாட்டும் காட்டவில்லை என்கிறார்கள் சிலர். காட்டிவிட்டு அவர் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று எழுதுவது என்ன நியாயம் என்கிறோம் மற்றவர்கள்.

இதே தோட்டத்தில் 2019-இல் ஆண் பெண் அனைவரையும் கடந்து கடைசிவரை நின்றவர் மேகி குட்டர்ல் என்னும் பெண்மணி. அறுபது சுற்று, 250 மைல். அடுத்த ஆண்டு 68 சுற்று ஓடி நின்றவர் கோர்ட்னி டவால்ட்டர்; அவரும் பெண்ணே. கான்ட்ரெல் அதே மாநிலத்து மலைக்காட்டில் நடத்திவந்த 'பார்க்லி' என்னும் ஓட்டம் இதைவிடக் கொடியது. சங்கு ஊதி ஒரு மணி கழித்துத் தொடங்கும். அடையாளமில்லாத மலையில் ஒளித்து வைத்த புத்தகங்களைத் தேடித் தத்தம் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வர வேண்டும். ஐந்து சுற்றுக்கு 60 மணி நேரம். 1986 முதல் 2025 வரை முழுவதும் முடித்தவர் 20 பேரே. அவர்களுள் முதல் பெண் ஜாஸ்மின் பாரிஸ். 2024-இல் அவர் முடித்தபோது 60 மணி நேரத்துக்கு மீதியிருந்தது 99 நொடி.

இவற்றை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்? 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஒன்பது பேரும் முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் உலக சாதனையும் செய்தார். மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதின தெரியுமா? பெண்கள் மயங்கி விழுந்தனர் என்றும், இத்தூரத்தைப் பெண்ணுடல் தாங்காது என்றும் எழுதின. ஓடி முடித்து மூச்சு வாங்க ஆண்கள் தரையில் படுத்தால் அது வீரம். பெண்கள் படுத்தால் அது பலவீனம் போலும்! அத்துடன் அவ்வோட்டம் எடுக்கப்பட்டது. 1960-இல் ரோம் நகரில்தான் திரும்பி வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் கிடைத்தது 1984-இல்.

அன்று பத்திரிகைகள் கூறியதை இன்று நம் வீட்டில் வேறு சொற்களில் கூறுகிறார்கள். "பெரிய பெண்ணாகிவிட்டாய், இனி என்ன ஓட்டம்?" "வெயிலில் கறுத்துப் போவாய்." "முதலில் தேர்வைப் பார்." கூறுகிறவர்கள் நம்மீது அன்புள்ளவர்களே. ஆயினும் எவ்வளவு தூரம் நம்மால் இயலும் என்பதை நாம் ஓடிப் பார்க்கும் முன்னரே பிறர் எப்படி அளந்தார்கள்? இச்சுற்று ஓட்டத்தில் எங்களுக்குப் பிடித்ததும் இதுவே. தூரத்தை அளப்பவள் ஓடுகிறவளே. இரண்டாம் சுற்றில் நின்றாலும் அவள் முடிவு. ஒன்பதாம் சுற்றுக்குப் போனாலும் அவள் முடிவு.

ஆகவே விளையாட்டு விழாவில் பழைய பந்தயங்களை எடுத்துவிட்டு இதை வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 100 மீட்டரில் பறப்பவர்கள் பறக்கட்டும்; அவர்களுக்கு நாங்களே உரக்கக் கை தட்டுவோம். வேறொரு சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் தந்தால் போதும். விளையாட்டுத் திடலின் பின்வாசலில் தொடங்கி, தென்னந்தோப்பு வரப்பு வழியாகக் கிணற்றடியைச் சுற்றி, சமையற்கூடத்தின் பின்புறமாகத் திரும்பினால் ஒரு சுற்று. அளவு நாடாவால் அளந்து பார்த்தோம். 840 மீட்டர் வந்தது. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். வரப்பு வழுக்கும், நூறு பேர் மிதித்தால் வரப்பும் மிஞ்சாது. நீர்மோரும் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் வகுப்புக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளலாம். யாருக்கும் கோப்பை வேண்டாம். ஒவ்வொருத்தி பெயருக்கு நேரே எத்தனை சுற்று என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். அதிலும் மிகுதியாக ஓடியவர் முதலில் என்றில்லாமல், அகர வரிசையில்.

ஓட விருப்பமில்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு கோடாக, தவறாமல் குறித்துக்கொள்ள எட்டுப் பேர் வேண்டும். தன் தோழிக்கு ஒரு கோடு கூடப் போடாதவளாக இருத்தல் அவசியம்.