பானைக்குள் ஒரு தவில்

எங்கள் வீட்டில் பானைக்கும் பாட்டுக்கும் பழைய தகராறு ஒன்று உண்டு.

1996 கோடை. நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். தண்ணீர் மொள்ளப் போன அம்மா, பானையைக் காணாமல் கூடத்துக்கு வந்தாள். மூலையில் பானை. அதன் வாயில் கவிழ்த்து வைத்த ஸ்பீக்கர். பக்கத்தில் சம்மணம் போட்டு அப்பா.

"கேட்டியா, எப்படி தும்தும்னு விழுது!"

அம்மாவிடமிருந்து என்ன விழுந்தது என்பதை இங்கே எழுத முடியாது. இப்படிப் பானையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்காத தெருவே அப்போது கிடையாது என்று அப்பா வாதாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பானை சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

இப்போது அப்பாவுக்கு வயது 72. காது சரியில்லை. வயதானால் காது முதலில் கைவிடுவது உச்ச ஸ்தாயியை. கீழ் ஸ்தாயி ரொம்ப நாள் கூடவே வரும். பிரச்னை என்னவென்றால், சுவரில் ஒட்டின பல்லி மாதிரி இருக்கிற இந்தக் கால டி.வி.யில் கீழ் ஸ்தாயியே கிடையாது. ஆக, மேலே உள்ளதைக் காது தராது. கீழே உள்ளதை டி.வி. தராது. நாகஸ்வரக் கச்சேரி வைத்தால் ஐந்து நிமிஷம் பார்ப்பார். "ஆள் அடிக்கிறான்... தவில் எங்கடா போச்சு?" என்பார். எழுந்து போய்விடுவார். போன வருஷத்திலிருந்து அதையும் கேட்பதில்லை. டி.வி. பக்கமே வருவதில்லை.

சரி, ஒரு ஸப்-வூஃபர் வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் எனக்கும் காது கேட்காமல் போயிற்று. நாமே செய்தால் என்ன என்று ரிச்சி தெருவுக்குப் போய் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றும் வாங்கி வந்தேன். ஆசையாக, பெட்டி இல்லாமலே இணைத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் கொசு மாதிரி முனகியது.

காரணம், நான் படித்த பி.காம்.மிலேயே இருக்கிறது. ஸ்பீக்கரின் அட்டை முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்கம் வரவு, பின்பக்கம் அதே தொகை செலவு. இரண்டும் சுற்றி வந்து சந்தித்தால் கான்ட்ரா என்ட்ரி, பாக்கி பூஜ்யம். பின்பக்கக் காற்றைப் பிரித்து அடைத்து வைக்கத்தான் பெட்டி. அப்பாவின் பானை செய்ததும் அதைத்தான்.

அடைத்த காற்றை வீணாக்காமல் ஒரு குழாய் வழியாக விட்டால் இன்னும் லாபம். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்கிறதே, அதே சங்கதி. 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதை ஆராய்ந்து கணக்காகவே எழுதி வைத்தார். 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீலே, பிறகு 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் இருவரும் எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதற்கு வழி சொன்னார்கள். இன்றைக்கும் ஸ்பீக்கரோடு வருகிற காகிதத்தில் இருப்பது அவர்கள் பெயரிலான எண்கள்தான்.

என் ஸ்பீக்கருக்கு 60 லிட்டர். குழாய் 30 ஹெர்ட்ஸில் முழங்க வேண்டும். கணக்கு போட்டேன். உள்ளளவு 36 x 36 x 52 செ.மீ. என்றால் 67 லிட்டர். இது க்ராஸ். இதில் ஸ்பீக்கரின் உடம்பு, குழாய், உள்ளே கொடுக்கிற முட்டுக்கட்டை எல்லாம் சேர்த்து 7 லிட்டர் தள்ளுபடி. நெட் 60. நாலு அங்குல பி.வி.ஸி. குழாய் 40 செ.மீ. நீளம். ஆடிட்டரே கையெழுத்துப் போடுவார்!

18 மி.மீ. ப்ளைவுட்டோடு ஆசாரியிடம் போனேன். அளவுச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உள் அளவா சார், வெளி அளவா?"

போனில் மேனேஜர். கையை ஆட்டி, "அதில இருக்கிற அளவுதான்" என்றேன்.

பெட்டி அழகாக வந்தது. இடுக்குக்கெல்லாம் பசை, ஓர் ஊசிக்காற்று போகாது. ராத்திரி டேப் வைத்து உள்ளே அளந்தேன். 32.4. திரும்ப அளந்தேன். டேப் மாறவில்லை. பலகையின் கனம் இரண்டு பக்கமும் உள்ளே போய்விட்டது. 67 லிட்டர் 51 லிட்டராகிவிட்டது. 1.8 செ.மீ. பலகை 16 லிட்டரை விழுங்கிவிட்டதே ஸார்!

பெட்டி சிறுத்தால் குழாயும் சிறுக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. 58 செ.மீ. குழாய் வேண்டும் என்றது கணக்கு. பெட்டியின் உள் ஆழமோ 48. அதிலும் குழாயின் உள்முனைக்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே 10 செ.மீ.யாவது விட வேண்டும்.

கூடத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார். என்ன என்று சைகையில் கேட்டார். கத்திச் சொன்னால் தெருவுக்கே தெரியும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இந்த ஒரு வருஷத்தில் அவர் எதையும் இவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

"குழாய் பூரா உள்ளயே இருக்கணும்னு எவன் சொன்னான்? மிச்சத்தைப் பின்னால வெளிய விடு. எல்போ போட்டு மேல திருப்பு. காத்து வளைஞ்சு போகாதா என்ன?"

நியாயம்தான். நீளம்தான் கணக்கு; உள்ளேயா வெளியேயா என்று காற்று பார்ப்பதில்லை. மறுநாள் காலை இருவரும் ப்ளம்பிங் கடைக்குப் போனோம். எல்போவை அவரே திருப்பித் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ரம்பமும் அவர் கையில்தான். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன், மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி.

"கக்கூஸ் குழாயை நடுக் கூடத்துல நட்டா, வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் அம்மா. அப்பாவுக்கு இந்த மாதிரி வாக்கியங்கள் காதில் விழுவதேயில்லை. அது காதுக் கோளாறு வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

சாயங்காலம் நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். தனி ஆவர்த்தனம் வந்தது. தொப்பியில் முதல் அடி விழுந்ததும் ஜன்னல் கண்ணாடி சிலிர்த்தது. அப்பா எழுந்து வந்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. ஓர் அடிகூடத் தப்பவில்லை.

"வந்துட்டான்" என்றார்.

தனி முடிகிற வரை யாரும் பேசவில்லை. கீழ்வீட்டுக்காரர்கூட வரவில்லை. முடிந்ததும் பெருமை தாங்காமல், "எப்படிப்பா இருக்கு?" என்று காதருகே கத்தினேன்.

அப்பா யோசித்தார்.

"பரவால்ல. ஆனா அந்தப் பானையில கேட்ட மாதிரி இல்ல."

அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள். சமையலறைக்குப் போய், தண்ணீர்ப் பானையைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வந்தாள்.