மணி அடித்தது, ஃபைல் மூடியது

இனப்படுகொலையைத் தடுப்பது எப்படி என்று சொல்லித்தர அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலைப் படிப்பே இருக்கிறது. ஆபீஸ் கேன்டீனில் இதைச் சொன்னேன். ஒருவன் சிரித்தான்: “டிகிரி வாங்கினா கொலைய நிறுத்திடலாமா?” இன்னொருவன் உற்சாகமாகிவிட்டான்: “டேட்டா இருந்தா போதும் மச்சி, எங்க, எப்பன்னு மாடலே சொல்லிடும்.” சிரித்தவனை விட்டுவிடலாம். என் கோபமெல்லாம் இரண்டாமவன் மேல்தான். முன்கூட்டியே தெரியாததுதான் பிரச்சினை என்று அவன் நம்புகிறான்.

தெரிந்திருந்தது. 1994 ஜனவரி 11 அன்று, ருவாண்டாவில் ஐ.நா. அமைதிப்படைத் தளபதியாக இருந்த ரோமியோ டலேர் நியூயார்க்குக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். கிகாலியிலுள்ள துட்சி மக்களைப் பட்டியல் எடுக்கிறார்கள், அழிப்பதற்காகத்தான் என்று சந்தேகம், இருபது நிமிடத்தில் ஆயிரம் பேர்வரை கொல்ல முடியும் என்று உள்ளிருந்தே ஒருவர் சொல்கிறார், ஆயுதக் கிடங்கைச் சோதனையிடப் போகிறேன் என்றார். எந்த மாடல் இதைவிடத் தெளிவாகச் சொல்லும்? பதில் வந்தது: வேண்டாம், உங்கள் அதிகார வரம்புக்குள் வராது. ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. ஏப்ரல் 21 அன்று, சுமார் 2,500 பேர் இருந்த அந்தப் படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்பு சபை தீர்மானித்தது. 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் செத்தார்கள்.

நான் இரவு ஷிஃப்டில் சர்வர் அலாரம் பார்த்தவன். அலாரம் அடிக்காமல் விழுந்த சர்வர்கள் குறைவு. அடித்தும், ‘இது நம்ம டீம் வேலை இல்ல’ என்று அடுத்த டீமுக்குத் தள்ளிவிட்டதால் விழுந்தவைதான் அதிகம். நானே தள்ளியிருக்கிறேன். சர்வரையும் சாவையும் ஒன்றாக வைப்பது அநியாயம், தெரியும். ஆனால் கைகழுவும் வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்த வாக்கியம் நமக்கும் பழக்கமானது. இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் ஐ.நா. நடந்துகொண்ட விதத்தை ஆராய ஐ.நா.வே அமைத்த சார்ல்ஸ் பெட்ரி குழு 2012இல் அறிக்கை தந்தது. பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பதைத் தங்கள் பொறுப்பாகவே கொழும்பிலிருந்த மூத்த அதிகாரிகள் பலர் நினைக்கவில்லை என்றது அது. ருவாண்டா முடிந்து 15 வருடம் கழித்து! இவர்களில் யார் படிக்காதவர்?

ஆகவே சிரித்தவனுக்கும் சொல்கிறேன்: இந்தப் படிப்பு வேண்டும். ஆனால் வெறுப்பு எத்தனை கட்டமாக வளரும் என்று மனப்பாடம் செய்வதற்கு அல்ல. ஓர் எச்சரிக்கை எந்த மேசையில் போய்ச் சாகிறது, யார் கையெழுத்தில் அது ‘வரம்புக்கு வெளியே’ போகிறது, மேலதிகாரியை மீறினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தருவதற்கு.

அந்த விலையைக் கொடுத்தவர் கேப்டன் ம்பாயே டியாங். செனகல்காரர், ருவாண்டாவில் ஆயுதம் ஏந்தாத ஐ.நா. பார்வையாளர். உத்தரவை மீறி, சாலைத் தடுப்புகளில் கொலைகாரர்களிடம் பேசிச் சிரித்துச் சமாளித்து, கொஞ்சம் கொஞ்சமாக நூற்றுக்கணக்கானவர்களைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் காப்பாற்றினார். மே 31 அன்று ஷெல் விழுந்து இறந்தார். 2014இல் அவர் பெயரில் ஒரு வீரப்பதக்கத்தை உருவாக்கியது, படையைக் குறைத்த அதே பாதுகாப்பு சபை. அந்த ஃபேக்ஸுக்கு ‘வேண்டாம்’ என்ற துறையின் தலைவர் கோஃபி அன்னான் 1997இல் ஐ.நா. பொதுச் செயலாளரே ஆகிவிட்டார்.

மீறியவருக்குச் செத்தபிறகு பதக்கம், மறுத்தவருக்கு உயிரோடு பதவி. இந்தக் கணக்கை மாற்றச் சொல்லித்தராத படிப்பு, இன்னும் நன்றாக ஃபைல் மூடத் தெரிந்தவர்களைத்தான் உருவாக்கும்.