குறி தப்பும் என்று தெரிந்தும்

1962 ஆகஸ்ட் 22, மாலை நேரம். பாரீஸின் புறநகரான பெத்தி கிளமாரில் விரைந்த கறுப்பு சித்ரோவன் கார் மீது குண்டு மழை. நூறு ரவுண்டுகளுக்கு மேல் சுட்டார்கள். டயர்கள் கிழிந்தன, கண்ணாடி நொறுங்கியது. ஆனால் உள்ளே இருந்த பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டி கோலும் அவர் மனைவியும் பிழைத்துக்கொண்டார்கள். அல்ஜீரியாவுக்கு விடுதலை தந்த டி கோலைத் தீர்த்துக்கட்டியே தீருவது என்று கிளம்பிய ஓ.ஏ.எஸ். ரகசிய அமைப்புக்கு அது பெரும் தோல்வி. தாக்குதலை நடத்திய விமானப் படை அதிகாரி பாஸ்டியன்-திரி 1963 மார்ச்சில் சுட்டுக்கொல்லும் தண்டனைக்கு ஆளானார்.

இதுவரை சரித்திரம். இங்கிருந்துதான் பிரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' தொடங்குகிறது. சொந்த ஆட்களை நம்பிப் பலனில்லை, எல்லோரையும் போலீசுக்குத் தெரியும். எனவே எந்த ஃபைலிலும் பெயரில்லாத ஒரு வெளிநாட்டுக்காரனை அமர்த்துகிறது ஓ.ஏ.எஸ். கூலி ஐந்து லட்சம் டாலர். வருபவன் ஒரு ஆங்கிலேயன். சங்கேதப் பெயர் ஜாக்கல், அதாவது நரி.

1970 ஜனவரியில் ஃபோர்சைத் இதை எழுத உட்கார்ந்தபோது கையில் காசில்லை. பியாஃப்ரா போர்முனையிலிருந்து திரும்பியிருந்த வேலையில்லாத நிருபர் அவர். 35 நாட்களில் டைப் அடித்து முடித்தார். பதிப்பாளர்கள் வரிசையாகக் கையை விரித்தார்கள். அவர்கள் சொன்ன காரணமும் நியாயமாகவே பட்டது: டி கோலை யாரும் கொல்லவில்லை என்பது ஊருக்கே தெரியும், பிறகு இதில் என்ன சஸ்பென்ஸ்? (போதாக்குறைக்கு அதே ஆண்டு நவம்பரில் ஜெனரல் தன் வீட்டிலேயே இயற்கையாக இறந்துபோனார்.) 1971ல் ஹட்சின்சன் துணிந்து வெளியிட்டது. அடுத்த ஆண்டே எட்கர் விருது, 1973ல் ஃப்ரெட் ஜின்னமன் இயக்கிய படம். 1988ல் மலையாளத்துக்கும் நரி வந்து சேர்ந்தது. 'ஆகஸ்ட் 1' படத்தில் குறி ஒரு முதலமைச்சர், துரத்துபவர் மம்மூட்டி.

பதிப்பாளர்கள் கணக்குத் தப்பியது எங்கே? கொலை நடக்குமா என்று ஃபோர்சைத் கேட்கவே இல்லை. எப்படி நடக்கும் என்று மட்டுமே காட்டுகிறார். ராய்ட்டர்ஸுக்காகப் பாரீஸில் டி கோலின் பின்னாலேயே அலைந்தவர் ஆயிற்றே. பெல்ஜியத்தில் துப்பாக்கி செய்பவனிடம் நரி அளவு சொல்லும் காட்சி, நல்ல தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல நிதானமாகப் போகிறது. ஆர்டென் காட்டில் மரத்தில் தொங்கும் ஒரு பழத்தை அவன் சுட்டுப் பார்க்கும் இடத்தில் அதிபரின் தலையை நினைத்து வாசகருக்கு வயிற்றைப் பிசைகிறது. எதிர்ப்பக்கம் கிளாட் லெபெல். குள்ளமான, மனைவிக்குப் பயந்த, சளைக்காத போலீஸ்காரர். அவர் ஹோட்டல் ஹோட்டலாகத் தேடவைக்கும் ரிஜிஸ்தர் அட்டைகள்தான் கதையின் உண்மையான துப்பாக்கிகள். பெண்கள் மட்டும் அட்டையில் வெட்டிய பொம்மைகள். அது ஃபோர்சைத்தை எப்போதும் விட்டுப் போகாத குறை. ஜெனரல் எந்தக் கணத்தில் தப்பினார் என்பதை இங்கே உடைப்பது பாவம். அது ஓர் ஆங்கிலேயன் கணக்கில் எடுக்கத் தவறிய பிரெஞ்சுப் பழக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உளவு வேலையில் ஃபோர்சைத்துக்கும் பழக்கம் உண்டு. பிரிட்டிஷ் உளவுத் துறைக்கு ஆண்டுக்கணக்கில் உதவியதை 2015ல் அவரே ஒப்புக்கொண்டார். 2025 ஜூனில் மறைந்தார். ஆனால் அவர் எழுதிய ஒரு தந்திரம் புத்தகத்துக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. நாவலில் நரி ஒரு கிராமத்துக் கல்லறைக்குப் போகிறான். உயிரோடிருந்தால் இப்போது தன் வயதில் இருக்கக்கூடிய ஒரு குழந்தையின் பெயரைக் கல்லில் படிக்கிறான். அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வாங்கி, அதே பெயரில் பாஸ்போர்ட் எடுக்கிறான். பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படாத காலம் அது.

ஆண்டுகள் கழித்து 2013ல் வெளிவந்த செய்தி: லண்டன் போலீசின் ரகசியப் பிரிவினர், போராட்டக் குழுக்களுக்குள் ஊடுருவ இதே வழியில் இறந்த குழந்தைகளின் பெயர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர்களில் லைசென்ஸ், பாஸ்போர்ட், முழு வாழ்க்கை. அந்த வேலைக்கு அவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர் 'ஜாக்கல் ரன்'. அந்த ஜூலையில் போலீஸ் கமிஷனர் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். எந்தெந்தக் குழந்தையின் பெயர் என்பதை மட்டும் அப்போது பெற்றோர்களிடம் சொல்ல மறுத்துவிட்டார்.