மாடிப்படிக்கு அடியில் ஒரு டாக்டர்!

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பழைய பேப்பர் கட்டு, காலி பெயின்ட் டப்பா, கால் உடைந்த நாற்காலி... இவற்றுக்கு நடுவே காற்றிறங்கிய டயரோடு ஒரு கியர் சைக்கிள் சாய்ந்து கிடக்கிறதா? பையன் ஒன்பதாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. இப்போது அவன் காலேஜ் போய், பைக்கும் வாங்கியாச்சு. 'காயலான் கடைக்காரர் வந்தா தூக்கிக் கொடுத்துடலாம்' என்று காத்திருக்கிறீர்கள், இல்லையா?

கொடுத்துவிடாதீர்கள்! காலையில் வாக்கிங் போக நேரமில்லை, ஜிம்முக்குக் கட்டிய பணமும் வீண் என்று புலம்புகிற குடும்பத்துக்கு அதுதான் சரியான உடற்பயிற்சிக் கருவி. ஆனால், இப்போது இருக்கிற கோலத்திலேயே எடுத்து ஓட்டாதீர்கள். ஓட்டினால் நாலாம் நாள் மறுபடியும் மாடிப்படிக்கு அடியில்தான் போய் நிற்கும். 'எனக்குச் சோம்பேறித்தனம்' என்று உங்களையே திட்டிக்கொள்வீர்கள். குற்றம் உங்கள் மேல் இல்லை. அந்த வண்டி தெருவுக்காகப் பிறந்ததே அல்ல!

1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமால்பாயஸ் மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கி விளையாட ஆசைப்பட்டார்கள் சில இளைஞர்கள். 1930, 40-களில் வந்த தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, வேண்டாததைக் கழற்றிப் போட்டு, நல்ல பிரேக்கும் கியரும் மாட்டினார்கள். 'மவுன்டன் பைக்' பிறந்த கதை இதுதான். தெரு சைக்கிளை அவர்கள் மலைக்கு மாற்றினார்கள். நீங்கள் மலை சைக்கிளைத் தெருவுக்கு மாற்றப் போகிறீர்கள். அவ்வளவே!

முதலில் டயர். முண்டும் முடிச்சுமாக இருக்கிற டயர் மண்ணைக் கவ்வுவதற்காகச் செய்தது. தார் ரோட்டில் 'ஊம்ம்' என்று சத்தம் போட்டு உங்கள் பலத்தைத்தான் தின்னும். வழவழப்பான, கொஞ்சம் ஒல்லியான டயர் போடுங்கள். 26 அங்குலச் சக்கரமானால் 26 x 1.5 போதும். ஜாக்கிரதை... லேடீஸ் சைக்கிளுக்கு வருகிற 26 x 1 3/8 டயரும் '26' என்றுதான் சொல்லப்படும். ஆனால் உங்கள் ரிம்மில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எவ்வளவு காற்று பிடிக்கலாம் என்பதும் அங்கேயே அச்சடித்திருக்கும். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, 'இது போதும்' என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, கழற்றிப் போட்டதையெல்லாம் திரும்ப மாட்டுங்கள். மட்கார்டு இல்லாவிட்டால் ஒரு மழைக்கே சட்டை முதுகில் சேற்றுக் கோலம்! கேரியர் இல்லாவிட்டால் ஆபீஸ் பை தோளில் தொங்கி முதுகை வேக வைக்கும். ஸ்டாண்டு, பெல், பேன்ட்டும் துப்பட்டாவும் சிக்காமல் இருக்க செயின் கவர், பின்னால் சிவப்பு விளக்கு. இவை எல்லாம் அலங்காரம் அல்ல. ஒரு வண்டியை தினமும் எடுக்க வைப்பதே இவைதான். கூடவே பிரேக் கட்டைகளையும் கேபிளையும் புதுசாக மாற்றச் சொல்லுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கியர்களைக் கண்டு பயப்படவும் வேண்டாம். முன்னால் நடுப்பல் சக்கரத்திலேயே விட்டுவிட்டு, பின்பக்க கியரை மட்டும் மாற்றினால் ஊருக்குள் தாராளம்.

இனி உடம்பு விஷயம். 'சைக்கிள் ஓட்டினா முழங்கால் வலிக்குது' என்பவர்களில் பலருக்குக் காரணம் சீட்டின் உயரம்! சீட்டு ரொம்பத் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கமும், ரொம்ப உயர்ந்திருந்தால் பின்பக்கமும் வலிக்கும். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுபோய் அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான அளவு. ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தால் உடம்பு எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கி, விரல் மரத்துப் போகும், கழுத்தும் வலிக்கும். அதைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபீஸ் 5 கிலோமீட்டர் என்றால், நிதானமாக மிதித்தாலே போக 20 நிமிடம், வர 20 நிமிடம். வாரத்தில் 5 நாள் போனால் 200 நிமிடம்! இதற்கென்று தனியாக அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டியதில்லை. எப்படியும் போக வேண்டிய இடத்துக்குத்தானே போகிறீர்கள்? நெஞ்சு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் அவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

'அதெல்லாம் சரி சார், இந்த ட்ராஃபிக்ல போய் யார் உயிரை விடறது?' என்பீர்கள். நியாயமான பயம்தான். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. சைக்கிளில் போகிறவர்கள் ரோட்டில் கண்ணில் பட்டால்தான் அது காகிதத்திலிருந்து தெருவுக்கு இறங்கும். அதுவரை மெயின் ரோட்டைக் கட்டி அழாதீர்கள். உள் தெரு வழியாகப் போனால் 5 நிமிடம் கூடுமே தவிர, குடி முழுகிவிடாது. தலையில் ஹெல்மெட் இருக்கட்டும். ஆபீஸ் ரொம்ப தூரமா? ரயில்வே ஸ்டேஷன் வரைக்குமாவது, மார்க்கெட் வரைக்குமாவது போங்கள்.

'பார் வெச்ச ஆம்பளை சைக்கிளாச்சே' என்று தயங்குகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டியவர்களும் உண்டு. காரணம்? முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! ஊர் என்ன சொல்லும் என்று அவர்கள் நின்றிருந்தால் பெடலில் கால் வைத்திருக்கவே முடியாது.

உங்களைப் பார்த்தும் யாராவது சிரிக்கலாம். 'என்ன சார், பெட்ரோல் விலை அவ்வளவு ஏறிப்போச்சா?' என்று கிண்டல் செய்யலாம். செய்யட்டுமே! வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த சைக்கிளை வெளியே இழுத்துத் தூசி தட்டி, தெருமுனை சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை கறிகாய் வாங்க அதிலேயே கிளம்புங்கள்.