ஹூக்ளி நதியும் கணிப்பொறியின் விடையும்

கொல்கத்தாத் துறைமுகம் கடலோரத்தில் அமைந்ததன்று; கடலிலிருந்து ஹூக்ளி நதிவழியே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உள்ளே இருப்பது. தூர் வாராவிடில் பெருங்கப்பல்கள் வருதல் அரிது. கங்கைநீரைத் திருப்பி வண்டலைக் கடலுக்குத் தள்ளும் நோக்குடன் 1975ஆம் ஆண்டில் ஃபரக்கா அணைக்கட்டு செயற்படத் தொடங்கியது. ஆயினும் தூர் வாரும் வேலை இன்றும் நின்றபாடில்லை. ஆகவே இந்நதியில் நீரும் மணலும் நகரும் விதத்தை முன்கூட்டியே அறிவது பெரும் பொருட்செலவோடு பிணைந்த காரியம். முன்னாளில் புனே அருகே கடக்வாஸ்லா ஆராய்ச்சி நிலையத்தில் நதியின் சிறுமாதிரியை அமைத்து நீரோட்டிப் பார்த்தனர். இப்பொழுது அப்பணியில் பெரும்பகுதி கணிப்பொறிக்கு வந்துவிட்டது. இதற்குரிய மென்பொருள்கள் விலையின்றியும் கிடைப்பதால், கல்லூரி மாணவனும் ஒரு மாலைப்பொழுதில் நீரோட்ட வண்ணப்படம் வரைந்துவிடுகிறான். படம் அழகாயிருப்பதே இதில் ஆபத்து.

ஹூக்ளியில் ஏறுநீர் குறுகிய நேரத்தில் விரைந்து வரும். இறங்குநீர் நெடுநேரம் மெல்ல வடியும். இந்த ஏற்றத்தாழ்வே மணலை மேல்நோக்கி ஏற்றுகிறது. டயமண்ட் ஹார்பரைக் கணக்கின் எல்லையாகக் கொண்டு, அங்கே அளந்த மட்டங்களை இடாமல் ஒழுங்கான சைன் அலையை இடுவோர் இம்முக்கிய இயல்பையே இழந்துவிடுகின்றனர்.

அடுத்தது காலப்படி. 8 மீட்டர் ஆழத்தில் ஓத அலை விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் செல்லும். நீரோட்டம் 2 மீட்டர் எனில் மொத்தம் 11. வலைக்கண் 110 மீட்டராயின், சாதாரண வெளிப்படை முறையில் காலப்படி 10 விநாடியை மிஞ்சலாகாது. கூரன்ட், ஃபிரெட்ரிக்ஸ், லூயி என்ற மூவர் 1928ஆம் ஆண்டிலேயே வகுத்த நிபந்தனை இது. மிஞ்சினால் கணக்கு தாறுமாறாகும்; அது நன்மையே, பிழை உடனே தெரியும். வேறு சில முறைகள் பெரிய காலப்படியையும் சகித்துக்கொள்ளும். அப்பொழுது, நதியில் சுவர்போல் எழுந்துவரும் 'பான்' என்னும் ஓதம் திரையில் சாய்ந்த மேடாகத் தேய்ந்து போகும். கரையிலுள்ள தோணிக்காரனுக்கு அத்தகைய விடையால் என்ன பயன்? வலைக்கண்ணைப் பாதியாக்கி மறுமுறை கணித்து, விடை மாறுகிறதா என்று பார்ப்பதே நேர்மையான வழி.

1922இல் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் கையாலேயே வானிலைக் கணக்குப் போட்டு வெளியிட்டார். ஆறு மணிநேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று வந்தது. உண்மையிலோ அழுத்தம் அநேகமாக அசையவேயில்லை. பெருங்குற்றம் சமன்பாடுகளில் இல்லை; தொடக்கத்தில் இட்ட அளவுகளில் இருந்தது.

ஹூக்ளியிலும் அப்படியே. மணல்திட்டுகள் இடம் மாறுவதால் பழைய ஆழ அளவை உதவாது. சில நீர்மட்டங்கள் கிதர்ப்பூர் பழைய கப்பல்துறையின் வாயிற்படியிலிருந்து கணக்கிடப்பட்டவை. சில, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. இரண்டையும் கலந்துவிட்டு, விடை பொருந்தவில்லையென்று ஆற்றுப்படுகையின் சொரசொரப்பைக் காட்டும் மானிங் எண்ணை மாற்றிக்கொண்டே போவது மோசமான பழக்கம். எண்கள் பொருந்திவிடும்; நதி பொருந்தாது. கோடையில் அளந்ததைக்கொண்டு அவ்வெண்ணை நிர்ணயித்தவர், அதை மாற்றாமலே மழைக்கால வெள்ளத்தையும் கணித்து ஒப்பிட வேண்டும்.

இவ்வகையில் அளவுகோலருகே நின்று மட்டம் குறிக்கும் ஊழியரின் பங்கு கணிப்பாளரின் பங்குக்குக் குறைந்ததன்று. மட்டத்தோடு நேரத்தையும், எந்தப் பூஜ்யத்திலிருந்து அளந்தது என்பதையும், அன்றைய காற்றின் திசையையும் அவர் குறித்து வைத்தல் அவசியம். ஆசிரியர்களும் மாணவர் தரும் வண்ணப்படத்தை ஏற்கும்முன் அந்தக் குறிப்பேட்டின் நகலைக் கேட்பார்களாக.